எண்ணோடு விளையாடிய ஆசான்

மூன்று கம்புகள் நாட்டிய ஒரு பலகை. அவற்றுள் ஒன்றிலே, பெரியதன்மேற் சிறியதாக அடுக்கிய மரத்தட்டுகள் சில. ஒரு முறைக்கு ஒரு தட்டையே எடுக்கலாம். சிறிய தட்டின்மேற் பெரிய தட்டை வைத்தலாகாது. இவ்விரு விதிகளையும் மீறாமல் அடுக்கு முழுவதையும் வேறொரு கம்புக்கு மாற்றுதல் வேண்டும். 'ஹனோய் கோபுரம்' எனப் பெயர் பெற்ற இவ்விளையாட்டைக் கேள்விப்படாத கணித ஆசிரியர் நம்மிடையே மிகச் சிலராகவே இருப்பர். அதனை ஆக்கியவர் யாரென வினவினாலோ விடை கூறுவோர் அவரினும் சிலர்.

1883-இல் பாரிஸ் நகரில் அவ்விளையாட்டு வெளிவந்தபோது, சீயம் நாட்டுக் குளோஸ் என்னும் பேராசிரியர், லீ-சூ-ஸ்தியான் கல்லூரியின் மந்தரின், அதனைத் தந்ததாக விளம்பரம் கூறிற்று. அப்படியொரு மந்தரின் எங்கும் வாழ்ந்ததில்லை. அக்கல்லூரியும் எந்தத் தேசப்படத்திலும் இல்லை. பெயர்களின் எழுத்துக்களை இடம் மாற்றி அடுக்கினால் அமியான் ஊர் லூக்காஸ் என்றும், சென் லூயி என்றும் வரும். அமியானிற் பிறந்து, பாரிசின் சென் லூயிப் பாடசாலையிற் கணிதம் கற்பித்த எதுவார் லூக்காஸ் என்பவரே மந்தரின் வேடம் பூண்டு நின்றவர்.

அவரைப் பற்றி எழுதுவோர் பலர், விளையாட்டுக் கணிதம் செய்தவர் என்ற ஒரு தொடரோடு அவரை ஒதுக்கிவிடுவர். அத்தீர்ப்பு எனக்கு உடன்பாடன்று. இயந்திரம் எதனையும் தொடாது, மனிதர் தம் கையாலும் மதியாலும் மட்டுமே முதன்மை எண் என நிறுவிய எண்களுள் இன்றுவரை மிகப் பெரியது எது? 39 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணை நிறுவியவர் இந்த விளையாட்டுக்காரரே. அந்த எண்ணும் அந்த மரத்தட்டுகளும் ஒரே வித்திலிருந்து முளைத்தவை என்பதை உணர்ந்த பின்னரே லூக்காஸ் என்னும் மனிதர் எனக்கு விளங்கலானார்.

1842 ஏப்ரல் 4-இல், வட பிரான்சின் அமியான் நகரில், எளிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பாரிசில் ஆசிரியர்களை உருவாக்கும் புகழ் வாய்ந்த உயர் கல்லூரியிற் பயின்று தேறிப் பாரிஸ் வானோக்கு நிலையத்தில் உதவியாளராக அமர்ந்தார். அங்குத் தலைமை வகித்தவர் லெவெரியே. வானத்தைப் பாராமலே, தாளிற் கணித்து, 1846-இல் நெப்தியூன் கோளின் இருப்பிடத்தைச் சொன்ன பெருமகன். காணாத பொருளைக் கணக்கினாற் கண்டறிதல் எத்தகையது என்பதை இளைஞரான லூக்காஸ் அவ்விடத்தில் நன்கு அறிந்திருப்பார் என்று எண்ணுகின்றேன். 1870-இற் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் யுத்தம் மூண்டது. லூக்காஸ் பீரங்கிப் படையில் அதிகாரியாகப் பணியாற்றினார். தோல்வியில் முடிந்த அந்த யுத்தத்தின் பின் வானோக்கு நிலையத்துக்கு மீளாது ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். முதலில் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள மூலான் நகரில்; பின்னர், மறையும் வரை, பாரிசின் பெரிய பாடசாலைகளில். பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை.

பீரங்கியை விட்டு வந்தவரை பீரங்கிக் குண்டுகள் விடவில்லை போலும். குண்டுகளை அடியிற் சதுரமாகப் பரப்பி, மேலே செல்லச் செல்லச் சிறு சதுரங்களாகக் குவித்துக் கூம்பாக்கினால், அவற்றின் மொத்தத் தொகை மீண்டும் ஒரு முழுச் சதுரமாக அமைதல் கூடுமா? 1875-இல் லூக்காஸ் இவ்வினாவை விடுத்தார். ஒரேயொரு குண்டை விட்டால், 24 அடுக்குகள் கொண்ட குவியல் ஒன்றே அவ்வாறு அமையும்; அதில் 4900 குண்டுகள், அதாவது 70-இன் வர்க்கம். வேறொன்று இல்லை என்பதைக் குறைவற நிறுவ 1918-இல் வாற்சன் வரவேண்டியிருந்தது. சிறுவனும் விளங்கிக்கொள்ளத்தக்க வினா. முதியோரை நாற்பத்து மூன்று ஆண்டுகள் திணறடித்த விடை. லூக்காஸின் வினாக்கள் பெரும்பாலும் இத்தகையனவே.

இனி அந்தப் பெரிய எண்ணுக்கு வருவோம். தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்கின்றோம். தமிழகத்தார் பகா எண் என்பர். இரண்டின் வலு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்களான 3, 7, 15, 31, 63, 127 என்பவற்றுட் சில முதன்மை எண்கள். சில சேர்த்தி எண்கள். இவற்றின்மேற் பழங்காலத்திலிருந்தே கணிதர்க்கு ஒரு மோகம் உண்டு. 28 என்ற எண்ணின் காரணிகளாகிய 1, 2, 4, 7, 14 என்பவற்றைக் கூட்டினால் 28 வரும். இவ்வகை முதன்மை எண்களிலிருந்து இத்தகைய நிறைவெண்கள் தோன்றுமென்பதை யூக்கிளிட் காட்டிச் சென்றார். 1644-இற் பாரிஸ் நகரத் துறவியான மேர்சென், இரண்டின் வலு 257 வரைக்கும் எவ்வெவ் வலுக்கள் முதன்மை எண்ணைத் தரும் என ஒரு பட்டியலை அச்சிட்டார். 31 அதில் இருந்தது. 67, 127, 257 என்பனவும் இருந்தன. அக்காலத்தில் ஒருவரும் சோதித்துப் பார்க்க இயலாத எண்கள் அவை. அவரும் சோதித்திருக்க முடியாது.

பட்டியலின் 31-ஐ 1772-இல் ஒயிலர் உறுதி செய்தார். ஏறத்தாழப் பார்வை முழுவதையும் இழந்திருந்த அம்முதியவர், 2,147,483,647 என்ற எண்ணுக்குக் காரணியாகக் கூடியவை இன்ன வடிவத்தனவே என முன்னரே வகுத்துக்கொண்டு, நூற்றுக்கும் குறைவான முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்து, எதனாலும் வகுபடாமையின் அது முதன்மை எண் என்றார். 1811-இற் பாலோ என்னும் ஆங்கிலக் கணிதர், இதனினும் பெரியதொன்று என்றுமே கண்டறியப்படமாட்டாது எனவும், பயனற்ற அவ்வேலையில் எவரும் இறங்கார் எனவும் எழுதி வைத்தார். அவர் கூற்றை நகைத்தல் எளிது. ஆயினும் வகுத்துப் பார்ப்பதொன்றே வழி எனின் அவர் கூறியதிற் பெரும்பகுதி உண்மையே. இரண்டின் 127ஆம் வலுவை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒன்று குறைந்த எண்ணின் காரணி எதுவும் 254-இன் மடங்கொன்றோடு ஒன்றைக் கூட்டிய வடிவிலேயே இருத்தல் வேண்டும். அவ்வடிவினவற்றை மட்டும் செக்கனுக்கு ஒன்றாக வகுத்துப் பார்த்தாலும் முடிப்பதற்கு 160 கோடி ஆண்டுகள் செல்லும்.

ஆகவே வேறொரு வழி வேண்டியிருந்தது. ஓர் எண்ணின் காரணிகளைத் தேடாமலே அதற்குக் காரணி உண்டா இல்லையா என்று அறிதல் கூடும் என்பதே லூக்காஸ் கண்டது. ஊருக்குப் புதியவன் ஒருவனை அறிய அவன் பெட்டியைத் திறந்து சோதிக்க வேண்டியதில்லை. அயல் வீட்டாரை விசாரித்தாலும் போதும். நாம் எடுத்த எண்ணைப் பகுப்பது அரிது. அதற்கு அடுத்த எண்ணோ இரண்டின் 127ஆம் வலு. அது முழுவதும் இரண்டுகளாலேயே ஆனது; பகுப்பதற்கு அதனிலும் எளியது வேறில்லை. அந்த அயலாரைக் கொண்டே இந்த எண்ணின் இயல்பை அறிய லூக்காஸ் முனைந்தார்.

அதற்கு அவர் துணைகொண்டது ஒரு பழைய தொடர். 1, 1, 2, 3, 5, 8 என, முன்னிரண்டின் கூட்டுத்தொகையாக அடுத்தது வளரும் அத்தொடரை 1202-இல் இத்தாலியின் பீசா நகரத்து லெயொனாடோ தம் நூலில் எழுதியிருந்தார். பிபொனாச்சித் தொடர் என்று நாம் அதனை அழைக்கும் வழக்கைப் பரப்பியவரும் லூக்காஸே. அதன் உடன்பிறப்பாக 1, 3, 4, 7, 11, 18, 29, 47 எனச் செல்லும் தொடர்க்கு இன்று அவர் பெயரே வழங்குகின்றது. இவ்வுடன்பிறப்பில் 2ஆம், 4ஆம், 8ஆம், 16ஆம் இடங்களிலுள்ளவற்றை மட்டும் பொறுக்கினால் 3, 7, 47, 2207 வரும். ஒவ்வொன்றும் முன்னதன் வர்க்கத்தில் இரண்டு குறைந்தது என்பதை வாசகர் தாமே சரிபார்க்கலாம்.

சோதனை இவ்வளவே. 3-இல் தொடங்குக, வர்க்கித்து இரண்டைக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்க, மீண்டும் அவ்வாறே செய்க. வலு எத்தனையோ அதில் இரண்டு குறைந்த படிகளின் முடிவிற் பூச்சியம் வந்தால் அது முதன்மை எண். நாலால் வகுக்கும்போது 3 மீதியாகும் முதன்மை வலுக்களுக்கு இத்தொடக்கம் பொருந்தும். மாணவர் பொருட்டு ஒரு சிற்றுதாரணம் காட்டுகின்றேன். இரண்டின் 7ஆம் வலுவில் ஒன்று குறைந்தால் 127. படிகள் ஐந்து. 3-இலிருந்து 7; 7-இலிருந்து 47; 47-இலிருந்து 2207, அதனை 127-ஆல் வகுக்க மீதி 48; அடுத்து மீதி 16; அடுத்து 254, அதாவது 127-இன் இரு மடங்கு, மீதி பூச்சியம். 127 முதன்மை எண். இனி 11ஆம் வலுவை எடுப்போம், எண் 2047. மீதிகள் 7, 47, 160, 1034, 620, 1609, 1471, 160 என வந்து ஒன்பதாம் படியில் மீண்டும் 1034-இல் நிற்கும். பூச்சியம் வரவில்லை, ஆகவே 2047 சேர்த்தி எண். அதன் காரணிகள் 23-உம் 89-உம்; ஆனால் அவற்றை நாம் தேடவுமில்லை, இச்சோதனை அவற்றை நமக்குச் சொல்லவுமில்லை. கரும்பலகையில் இதனைச் செய்து காட்டும்போது, கடைசி மீதி பூச்சியமாகும் கணத்தில் வகுப்பில் ஓர் அமைதி உண்டாவதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

இப்போது 127ஆம் வலுவுக்கு இதனைச் செய்தல் வேண்டும். படிகள் 125. ஒவ்வொரு படியிலும் 39 இலக்கம் வரையான எண்ணொன்றை வர்க்கித்து, 39 இலக்க எண்ணொன்றால் வகுத்தல் வேண்டும். ஓரிடத்தில் ஓரிலக்கம் பிழைத்தாற் போதும். பின்னுள்ள யாவும் வீண். இங்கேதான் விளையாட்டுக்காரர் வெளிப்படுகின்றார். எண்ணை இரண்டின் அடியில் எழுதினால் அதில் வருவன ஒன்றும் பூச்சியமுமே. அப்படி எழுதும்போது நம் பெரிய எண் 127 ஒன்றுகளின் வரிசையாகும். லூக்காஸ் ஒரு பக்கத்துக்கு 127 கட்டங்கள் கொண்ட சதுரங்கப் பலகையைக் கருதினார். ஒன்று உள்ள கட்டத்திற் காய். பூச்சியத்துக்கு வெறுங் கட்டம். வர்க்கித்தல் என்பது காய்வரிசையை ஒவ்வொரு கட்டமாகத் தள்ளித் தள்ளி எழுதுதல். ஒரே நிரலில் இரு காய்கள் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்கக் கட்டத்தில் ஒன்றை வைத்தல் வேண்டும். வகுத்தலோ இன்னும் வியப்பானது. 127ஆம் வலுவை இந்த எண்ணால் வகுக்க மீதி ஒன்று. ஆதலின் பலகையின் இடப்புறமாக வெளியே செல்லும் காய் வலப்புறமாக உள்ளே வந்து அமர்ந்துவிடும். நெடிய வகுத்தல் முழுவதும் காய்கள் சுற்றி வருவதாக முடிந்துபோயிற்று. பிற்காலக் கணினிகள் இவ்வெண்களைக் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவே.

1876-இல், மூலானிற் கற்பித்த காலத்தின் இறுதியில், அவர் பாரிஸ் அறிவியற் கழகத்தின் ஏட்டில் முடிவை அறிவித்தார். 170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727 முதன்மை எண் என்பதே அது. மேர்சென் துறவி 127-ஐப் பட்டியலிற் சேர்த்தது சரியாயிற்று. 67-ஐச் சேர்த்தது தவறு என்பதையும் லூக்காஸ் அவ்வாண்டிலேயே காட்டினார். ஆயின் காரணி எதனையும் அவரால் தரமுடியவில்லை. பகுபடும் என்பது தெரியும். எதனாற் பகுபடும் என்பது தெரியாது. அன்றைய கணிதர் சிலர்க்கு இது விழுங்க இயலாத முடிபாகவே இருந்திருக்கும். 1903-இல் நியூயோர்க்கில் நடந்த கணிதர் கூட்டமொன்றிற் கோல் என்னும் அமெரிக்கர் எழுந்து, வாய் திறவாது கரும்பலகையில் 193,707,721-ஐ 761,838,257,287-ஆற் பெருக்கி, 67ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண்ணே விடையாக வருவதைக் காட்டி அமர்ந்தார் என்று ஒரு கதை கணித உலகில் வழங்குகின்றது. லூக்காஸ் சொன்னது 27 ஆண்டுகளின் பின் கண்ணுக்குத் தெரிந்தது.

அவருடைய நிறுவல்களிற் குறை இருந்தது என்பதையும் மறைத்தலாகாது. 1878-இல், அமெரிக்காவில் அப்போதுதான் தொடங்கிய கணித ஏட்டின் முதல் தொகுதியிலே, தம் முறையை விரிவாக எழுதினார். கருத்துக்கள் வெள்ளமாய்ப் பாயும் கட்டுரை அது. இடையிடையே நிறுவல் தடுமாறும், சில தேற்றங்கள் வேண்டிய நிபந்தனையின்றி நிற்கும். பொறுமையாய்க் கரை கட்டும் இயல்பு அவர்க்கு இல்லை. அக்கரையைக் கட்டியவர் லேமர் என்னும் அமெரிக்கர். 1930-இல் அவர் அச்சோதனையைத் துலக்கி, 3-க்குப் பதிலாக 4-இல் தொடங்கினால் எல்லா ஒற்றை முதன்மை வலுக்களுக்கும் பொருந்தும் எனக் காட்டினார். 127-இன் கணிப்பையோ 1914-இல் போக்கம்பேர்க் என்னும் பிரான்சியர் மீளச் செய்து உறுதிப்படுத்தினார். ஒருவர் தனியே செய்த நெடுங்கணக்கு, மற்றொருவர் கையாலும் அதே இடத்தில் வந்து நிற்கும் வரை, நம்பிக்கையாகவே இருக்கும். லூக்காஸ் அதனைக் காண இருக்கவில்லை.

ஹனோய் கோபுரத்துக்கு மீள்வோம். மூன்று தட்டுகளை மாற்ற 7 நகர்வுகள் வேண்டும், நாலுக்கு 15, ஐந்துக்கு 31, ஏழுக்கு 127. மேர்சென் துறவியின் எண்களே அவை! 64 பொற்றட்டுகளைக் காசி நகரத்துக் கோயிலொன்றிற் பிராமணர் இரவு பகலாய் மாற்றிக்கொண்டிருக்கின்றனர் என்றும், அது முடியும்போது உலகம் முடியும் என்றும் ஒரு கற்பனைக் கதை இவ்விளையாட்டோடு பாரிசில் உலாவிற்று. நம் பக்கத்துப் புராணம் எதிலும் அக்கதை இல்லை. ஐரோப்பியர் கீழ்த்திசையின் தலையில் ஏற்றிவைத்த எத்தனையோ கதைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் கணக்குச் சரியானது: 64 தட்டுகளுக்கு 18,446,744,073,709,551,615 நகர்வுகள், செக்கனுக்கு ஒன்றாயின் 58 ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு மேல். அதே பலகையில் 127 தட்டுகளை அடுக்கினால் வேண்டிய நகர்வுகளின் தொகை, 1876-இல் அவர் முதன்மை எண் என்று அறிவித்த அந்த எண்ணே. ஏழாண்டு கழித்து, அவ்வெண்ணை மரத்திற் கடைந்து, சிறுவர் கையிற் கொடுத்தார். விளையாட்டு வேறு, ஆராய்ச்சி வேறு என்று அவரைப் பிரிப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.

1882 முதல் அவர் வெளியிட்ட கணித விளையாட்டு நூல்கள் நாலு தொகுதிகளாக விரிந்தன. பின்னிரண்டும் அவர் மறைவின் பின்னரே வெளிவந்தன. புள்ளிகளை இணைத்துப் பெட்டி கட்டும் ஆட்டத்தை, பாடவேளையில் ஆசிரியர் கண்ணுக்கு மறைத்து நம் மாணவர் ஆடும் அதே ஆட்டத்தை, அச்சில் விளக்கியவரும் அவரே. எண் கோட்பாட்டைப் பற்றித் தாம் எழுதத் திட்டமிட்ட பெருநூலின் முதற் பகுதியை 1891-இல் வெளியிட்டார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில், பிரான்சிய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் மாநாடு மார்செய் துறைமுக நகரிற் கூடிற்று. லூக்காஸ் அச்சங்கத்தின் கூட்டங்களில் ஆண்டுதோறும் ஊக்கத்தோடு பங்கு கொண்டவர். விருந்தொன்றின்போது பரிமாறுபவன் கையிலிருந்த பீங்கான் தட்டுகள் தவறி விழுந்தன. உடைந்த சில்லொன்று தெறித்து அவர் கன்னத்தைக் கீறிற்று. சிறு காயந்தான், பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றியிராது. அதன்வழியே தொற்று ஏறித் தோலெங்கும் அழற்சி பரவக் காய்ச்சல் மிகுந்தது. 1891 ஒக்டோபர் 3-இற் பாரிசில் உயிர் பிரிந்தது. வயது 49. பென்சிலின் கண்டறியப்படுவதற்கு இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. பெருநூலின் மிகுதிப் பகுதிகள் வெளிவரவேயில்லை.

அவருடைய எண்ணோ நெடுநாள் அரசு செலுத்திற்று. அறிந்த முதன்மை எண்களுள் மிகப் பெரியது என்ற இடத்தில் அது 75 ஆண்டுகள் அசையாது நின்றது. 1951-இல் மேசைக் கணிபொறி ஒன்றின் துணையோடு 44 இலக்க முதன்மை எண்ணொன்று அதனை முந்திற்று. அதே ஆண்டிற் கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் மின்னணுக் கணினியைக் கொண்டு 79 இலக்க எண்ணொன்றைக் கண்டனர். அதனை எவ்வாறு ஆக்கினர் தெரியுமா? லூக்காஸின் எண்ணை வர்க்கித்து, 180-ஆற் பெருக்கி, ஒன்றைக் கூட்டி! அரியணையிலிருந்து இறக்கியவர்களும் அவர் தோளின்மேல் ஏறியே இறக்கினர். 1952 சனவரியில் 521ஆம், 607ஆம் வலுக்களைக் கணினி ஒன்று ஒரே நாளில் வென்றது. அது ஓட்டிய சோதனை லூக்காஸும் லேமரும் தந்த சோதனை. 2024 ஒக்டோபரிற் கண்டறியப்பட்ட 4 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட முதன்மை எண்ணும் அதே சோதனையாலேயே ஐயமற உறுதியாயிற்று.

இன்னும் ஒன்று மிஞ்சியுள்ளது. லூக்காஸின் அறிவிப்பைக் கண்ட பெல்ஜிய நாட்டுக் கணிதர் கத்தலான் 1876-இலேயே ஒரு தொடரைச் சுட்டினார். இரண்டின் 2ஆம் வலுவில் ஒன்று குறைய 3. 3ஆம் வலுவில் ஒன்று குறைய 7. 7ஆம் வலுவில் ஒன்று குறைய 127. 127ஆம் வலுவில் ஒன்று குறைய லூக்காஸின் எண். யாவும் முதன்மை எண்கள். அவ்வாறாயின், லூக்காஸின் எண்ணையே வலுவாகக் கொண்டு அடுத்த படி ஏறினால் வருவதும் முதன்மை எண்ணா? அதனை எழுதவே பத்தின் 37ஆம் வலுவினும் மிகுந்த தொகையான இலக்கங்கள் வேண்டும். சிறிய காரணிகளைத் தேடியோர்க்கு இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. லூக்காஸின் சோதனை அதற்கும் பொருந்தும், 3-இலிருந்தே தொடங்கலாம். வேண்டிய படிகள் அந்த 39 இலக்க எண்ணில் இரண்டு குறைந்தவை.